அறுபத்தைந்து வினாடி

செத்துப்போனவர்களின் போன்கள் கடைக்கு வரும் விதம் எனக்குப் பழக்கம். பதினைந்து இருபது நாள் கழித்து வரும். கொண்டுவருபவர் அதைக் கவுன்ட்டர் மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். "அழிச்சுக் குடு" என்று ஒருவரும் வாயால் சொல்வதில்லை. "கொஞ்சம் பாத்துக் குடுண்ணே" என்பார்கள். அதற்கு அர்த்தம் அதுதான். உள்ளே இருக்கும் படங்களையும் பேச்சையும் தங்கள் கையால் அழிக்க மனம் வராது. ஆனால் போன் சும்மா கிடக்கவும் கூடாது. மகனோ மச்சினியோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காரியத்தை எங்களிடம் விட்டுவிடுவார்கள். நாங்களும் கேள்வி கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பழகிவிட்டோம். கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நாற்பது போனாவது இப்படித் துடைத்துக் கொடுத்திருப்பேன்.

நசீர் பாயின் போனையும் அப்படித்தான் துடைத்தேன்.

அதைக் கொண்டுவந்தவன் பாயின் மனைவி ஷம்ஷாத்தின் தம்பி அஃப்ரித். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை நடுச்சந்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தான். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, மச்சானுது. கீழ வுழுந்ததுல டிஸ்ப்ளே பூட்ச்சி. பாத்துக் குடுண்ணே, சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

பாய் இறந்து அப்போது பதினெட்டு நாள். எண்ணூர் போகும் வழியில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவர் டேலி கிளார்க். வருகிற பெட்டிகளின் எண்ணையும் சீலையும் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது வேலை. ஒரு புதன்கிழமை மதியம் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்து விழுந்த போன் உடைந்திருந்தது.

கண்ணாடியை மாற்றினேன். திறக்கப் பேட்டர்ன் கேட்டது. ஓரத்துப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, பட்டியலில் கீழே இறங்கி, எல்லாவற்றையும் அழிக்கச் சரி என்று கொடுத்தேன். நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயில் சர்க்கரை அதிகம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர் போன் என்றால் தெரியாது என்று சொல்லலாம். பாய் என் கடையில் உட்கார்ந்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்று எழுத முடியாது. அவர் கையெழுத்தும் அவருக்கே புரியாது. அதனால் பெட்டி எண்களைப் போனில் பேசிப் பதிந்துகொள்வார். வீட்டுக்குப் போய் அதை ஓடவிட, ஷம்ஷாத் அக்கா கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார். அவருக்கு முத்து முத்தான எழுத்து. "யார்டுல எல்லாரும் கேக்குறான், பாய், எந்த ஸ்கூல்ல படிச்சேன்னு. கட்டிகினு வந்தேன்டான்னு சொல்வேன்" என்று சிரிப்பார். எழுதப்போவது மனைவிதான் என்பதால் எண்களுக்கு நடுவே அவரிடம் ஏதாவது பேசியும் வைப்பாராம். அப்படி ஐந்தாறு வருடப் பதிவுகள். காற்றுச் சத்தம் விழுகிறது என்று வந்தபோது மைக் துளையின் மேல் பஞ்சு வைத்து ஒட்டிக் கொடுத்தவனே நான்தான். கண்ணாடியைக் கழற்றும்போது அந்தப் பஞ்சைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

சாயங்காலம் அஃப்ரித் வந்தான். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேட்டர்ன் அக்காக்குத் தெரியும்ணே. ரெக்கார்டிங்கு எல்லாம் ஒயுங்காத்தான கீது? அக்கா அத்ததான் கேட்டுகினே கீது. இத்தால குந்திகினு கீதில்ல, வேற இன்னா கீது அதுக்கு."

அந்த இடத்தில் ஒரு மூச்சு விடும் நேரம் எனக்கு இருந்தது. அந்த நேரத்தில் எதையும் யோசித்ததாக ஞாபகம் இல்லை. வாய் தானாகப் பேசியது.

"அதுல ஒண்ணுமே இல்லியே அஃப்ரித். காலியாத்தான் இருந்துச்சு. பாய் முன்னாடியே அழிச்சிட்டிருப்பாரு போல."

"அப்டியா?" என்றான். கொஞ்சம் நின்றான். "சரிண்ணே" என்று போய்விட்டான்.

அவன் போன பிறகு, அந்தப் பதிவுகள் திரும்பக் கிடைக்க வழி உண்டா என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இந்த வேலை மட்டுமே செய்கிற ஒருவர், "துடைச்சது துடைச்சதுதான் பாஸ். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரியும்தான்.

கணவன் இறந்தால் இருக்கும் இத்தா முடியும்வரை, நாலு மாதம் பத்து நாள், ஷம்ஷாத் அக்கா வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். வெளி ஆண்களைப் பார்க்கவும் மாட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது எழுதவேண்டியிருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர்கள் தெரு வழியாகப் போவதை நிறுத்தினேன். எம்.கே.பி. நகரில் இருக்கும் என் வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு பொன்ராஜ் வந்தான். டிரெய்லர் ஓட்டுகிறவன். பாயின் யார்டுக்கு தினமும் போய்வருபவன். சார்ஜ் ஏறவில்லை என்று போனைக் கொண்டுவந்தான். நான் சார்ஜ் பின்னைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, "பாய் கொரல் எங்கிட்ட ஒண்ணு கீது, தெரியுமா?" என்றான். "என் பொட்டி நம்பர் இன்னா பாய்னு கேட்டேன். தனியா சொல்றதுக்கு சோம்பேறித்தனம், ரெக்கார்டிங்கையே அப்டியே தள்ளி வுட்டாரு. செவ்வாக்கிழம. மறுநாளே ஆளு காலி."

ஓடவிட்டான். ஒரு நிமிடம் இருபது வினாடி. பின்னால் கிரேன் சத்தம், யாரோ கத்துவது. அவற்றுக்கு மேலே பாய் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நாலு, ஏழு, சைபர், சைபர், ரெண்டு. சீல் சரி. ஷம்ஷு, இந்தப் பொட்டில இருந்து புளி வாசன வருது, உள்ள இன்னா போட்டான்னு தெரியல. ஒம்போது, ஒண்ணு, ஒண்ணு, ஆறு. அப்புறம் கொஞ்சம் மௌனம். நடக்கும் சத்தம். பிறகு:

"ஷம்ஷு, நீ கோவமா கீறேன்னு தெரியும். எழுதாட்டி போ. நான் சொல்லிகினேதான் இருப்பேன். பழசெல்லாம் அப்டியே வெச்சிகினு கீறேன், ஒண்ணுகூட அழிக்கல. மெமரி ஃபுல்லு, மெமரி ஃபுல்லுனு போனு கத்துது. கத்தட்டும்."

பிறகு மீண்டும் எண்கள்.

பொன்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நல்ல மன்சன்பா" என்றான். நான் குனிந்து பின்னையே சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அக்காவுக்காக ஒரு சின்னப் பெட்டி செய்யப்போகிறேன் என்றேன். பொத்தானை அழுத்தினால் பாய் பேசுவார்.

"அதுக்கின்னா, ரிச்சி தெருவுல நகம் சைசுக்குப் பாட்டு போர்டு விக்கிறான். மெமரி கார்டு சொருவுனா பாடும்."

"அதுல மைக்ரோகன்ட்ரோலர் கீது. புரோகிராம் ஓடும். புரோகிராம் ஓடுற எதுலயும் அழிக்க ஒரு வழி இருக்கும். இதுல அது இருக்கக் கூடாது" என்றேன்.

"போனு ரிப்பேர் பண்ணிப் பண்ணி நைனாக்கு மண்ட குழம்பிப் போச்சி" என்று சொல்லி, என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனான்.

நான் சொன்ன காரணம் பொய்யில்லை. ஒரு மெமரி ஐ.சி. எடுத்துக்கொண்டேன். ஒரு தடவைதான் எழுதலாம், எழுதினால் அழியாது என்ற வகை. கடைக்கு முன்னால் மணலியில் ஒரு தொழிற்சாலை எந்திரங்களின் பலகைகளைச் சரிசெய்யும் இடத்தில் வேலை பார்த்தேன். அதில் எழுதும் கருவி அப்போதிருந்தே என்னிடம் இருக்கிறது. குரல் அதற்குள் எண்களாக இருக்கும், வினாடிக்கு எட்டாயிரம் எண். அவற்றை வரிசையாக வெளியே எடுக்க இரண்டு கவுன்ட்டர் ஐ.சி.கள். அவற்றுக்கு எண்ணுவதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது. வேகம் தப்பாமல் தட்டிக்கொண்டிருக்க ஒரு கிரிஸ்டல். வெளியே வரும் எண்களை மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாக மாற்ற, ஏணி மாதிரி அடுக்கிய ரெசிஸ்டர்கள். அப்புறம் சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர், நாலு பென்சில் பேட்டரி, ஒரு பொத்தான். அவ்வளவுதான். கவுன்ட்டர் கடைசி எண்ணைத் தொட்டதும் எல்லாம் நின்றுவிடும்.

ஆனால் சுலபமாக நடக்கவில்லை. முதலில் சோதனைக்கென்று வேறொரு மெமரி ஐ.சி.யில் பதிவின் ஒரு பகுதியை எழுதி, கிரிஸ்டல் இல்லாமல் மலிவான டைமர் ஐ.சி.யை வைத்துப் பார்த்தேன். மதிய வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது வேகம் மாறியது. பாய் பத்து வயதுப் பையன் குரலில் எண்களைக் கத்தினார். கிரிஸ்டலுக்கு மாறினேன். அடுத்த முறை கவுன்ட்டரின் மேல்பக்கத்து இரண்டு வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். பேச்சின் இரண்டாவது கால் பகுதி மூன்றாவதாகவும் மூன்றாவது இரண்டாவதாகவும் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தபோது, செத்தவர் நினைவு தப்பிப் பேசுவது போல இருந்தது. அணைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றேன். ஏணிக்கு ஒரே அளவு ரெசிஸ்டர்கள் வேண்டும் என்று முந்நூறு ரெசிஸ்டர்களை மீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கினேன். அவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. வேலை நீளட்டும் என்று இருந்தது. கை வலிக்கும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பிறகு அந்தக் கணக்கு வந்தது. அந்த ஐ.சி.யில் ஐந்து லட்சத்து இருபத்து நாலாயிரம் எண்கள்தான் பிடிக்கும். வினாடிக்கு எட்டாயிரம் என்றால் அறுபத்தைந்தரை வினாடி. பதிவோ எண்பது வினாடி.

பதினைந்து வினாடியை வெட்ட வேண்டும்.

கம்ப்யூட்டரில் குரலின் வரைகோட்டை விரித்துவைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், நாளைக்கு வாங்க என்றேன். எண்களை வெட்டலாம். மௌனத்தை வெட்டலாம். வேகத்தை ஆறாயிரத்து ஐநூறாகக் குறைத்தால் வெட்டவே வேண்டாம், எண்பது வினாடியும் பிடிக்கும். குரல் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். குரல் மங்கினால் அக்கா மனசு கஷ்டப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மௌனத்தை வெட்டினால் இயல்பாக இருக்காது என்றும் சொல்லிக்கொண்டேன். கடைசியில் "ஷம்ஷு, நீ கோவமா கீறேன்னு தெரியும்" என்ற இடத்திலிருந்து "கத்தட்டும்" வரை இழுத்துப் பிடித்து, அதைத்தான் எடுத்தேன். சரியாகப் பதினைந்து வினாடி. ஒண்ணுகூட அழிக்கல என்று அவரே சொல்லும் இடம். அது இருந்தால் நான் சொன்னது நிற்காது.

எழுதும் கருவியில் ஐ.சி.யைச் சொருகினேன். மூன்று நிமிடத்தில் எழுதி முடித்தது. இந்த முறை டீ குடிக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

இத்தா முடிந்து பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறையும் சமையல் இடமும். கதவை முழுக்கத் திறந்துவைத்திருந்தார். அக்கா மெலிந்திருந்தார். சுவரோரம் பாயின் டேலி நோட்டுகள் அடுக்கி இருந்தன.

"வா அறிவு. தெருப்பக்கமே காணோம்னு அஃப்ரித்கிட்ட கேட்டுகினு இருந்தேன். அவன் கும்முடிப்பூண்டி போயிருக்கான், வர நேரந்தான். குந்து."

பெட்டியைக் கீழே வைத்தேன். விவரம் சொன்னேன். பொன்ராஜிடம் இருந்த பதிவு என்றேன். அவர் பொத்தானை உடனே அழுத்தவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பிறகு ஒரு விரலால் அழுத்தினார்.

நாலு, ஏழு, சைபர், சைபர், ரெண்டு.

அறுபத்தைந்து வினாடியும் அவர் அசையவில்லை. நின்றதும் திரும்ப அழுத்தினார். இரண்டாம் முறை, அவருக்கே தெரியாமல், வலது கை விரல் தரையில் எண்களை எழுதிக்கொண்டு போனது. மூன்றாம் முறை முடிந்ததும் கேட்டார்.

"இது எப்ப பேசுனது?"

"செவ்வாக்கிழமக்கா. அதுக்கு மறுநாள்தான்..."

"செவ்வாக்கிழம." யோசித்தார். "அழிச்சதுக்கு அப்பறம் பேசுனதா, முன்னாடியா?"

எனக்கு விளங்கவில்லை. "எதுக்கா?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம சண்ட. இந்த நோட்டத் தூக்கி எறிஞ்சேன். உன் நம்பரு எனக்கு இன்னாத்துக்கு, இனிமே நீயே எழுதிக்கோன்னுட்டேன். சின்ன விஷயம், கறி எடுத்துகினு வரலன்னு. மூணு நாளு பேசல. அந்தக் கோவத்துலதான எல்லாத்தையும் அழிச்சிருக்காரு? நாலு மாசம் அத்தயே நெனச்சிகினு குந்திகினு இருந்தேன் அறிவு. நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அஞ்சு வருஷத்த அழிச்சிட்டுப் போயிட்டாரேன்னு. இப்ப இதுல ஷம்ஷுனு கூப்புடுறாரு. கோவத்துல இருக்குறவரு அப்டிக் கூப்புடுவாரா?"

கீழே இருந்த பெட்டியின் ஓரத்தை நேர்படுத்தினேன்.

"அஃப்ரித் வேற மாதிரி சொல்றான். ஆம்பள போன அழிச்சி வெச்சான்னா உள்ள வேற யாரோ இருந்திருப்பாங்கன்றான். அவன் பொண்டாட்டி அத்த நாலு பேருகிட்ட சொல்லி, பக்கத்து வூட்டுலருந்து வந்து எங்கிட்டயே கேக்குறாங்க. செத்த ஆளுக்கு வந்த பேரப் பாரு."

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ சைக்கிளில் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பொய்யை நான் ஒரு போன் சம்பந்தப்பட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு பொருள் போயிற்று, அதற்குப் பதில் ஒரு பொருள். அது இந்த அறைக்குள் வந்து என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. எழுந்து போய்விட முடியும். பாய் அப்படிப்பட்டவர் இல்லைக்கா என்று பொதுவாக ஒன்று சொல்லிவிட்டுப் படி இறங்க முடியும். அதைச் சொல்ல வாயையும் திறந்தேன்.

"போன அழிச்சது பாய் இல்லக்கா. நான்தான்."

அவர் தலை நிமிரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, டீ, அஃப்ரித்திடம் சொன்னது. கடைசியில், பெட்டியில் நான் வெட்டிய பதினைந்து வினாடியையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் யாரோ பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது.

"வெட்டுனியா?" என்றார். "அதுல இன்னா சொன்னாரு?"

என் போனில் முழுப் பதிவு இருந்தது. அந்த இடத்துக்கு நகர்த்தி ஓடவிட்டு அவர் பக்கம் தள்ளினேன். ஒண்ணுகூட அழிக்கல என்ற இடம் வந்ததும் அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். கத்தட்டும் என்றதும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். "கத்தட்டுமாம்" என்று சுவரோடு இருந்த நோட்டுகளைப் பார்த்துச் சொன்னார். நான் அங்கே இருப்பது அவருக்கு மறந்துவிட்டது.

வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பியபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அழிச்சத வுடு. தெரியாம செஞ்சே. இத்த தெரிஞ்சே வெட்டியிருக்கே."

"ஆமாக்கா."

"வெட்டுனது எனக்கு வேணாம். எடுத்துகினு போ." பெட்டியை என் பக்கம் தள்ளினார். "இதுலயே சேக்க முடியாதா?"

"முடியாதுக்கா. இன்னொரு ஐ.சி. எழுதணும். எழுதிக் குடுக்குறேன்."

"அது அப்பறம்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"எங்க போறே? குந்து. அஃப்ரித் வரட்டும். அவன்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா, புருஷனக் காப்பாத்துறதுக்கு சொல்றேன்னுதான் நெனப்பான். உன் வாயாலதான் அந்தப் பேச்சு ஆரம்பிச்சுது."

உட்கார்ந்தேன். அவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வழக்கமாக அந்த வீட்டில் கேட்காமலே டீ வரும். வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே போனது. அஃப்ரித்துக்குக் கோபம் வரும். அவன் கைநீட்டுவான் என்றுகூடத் தோன்றியது. நாளைக்குக் காலையில் கடைச் சந்து முழுக்கத் தெரியும். செத்தவர் போனை என்னை நம்பி யாரும் கவுன்ட்டர் மேல் வைக்கமாட்டார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதையும் மாற்றிச் சொல்ல வழி தேடவில்லை.

கீழே ஆட்டோ வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம்.

"அட, அறிவுண்ணே! இன்னா, மச்சானப் பேச வெச்சிட்டியாமே? பொன்ராஜு இப்பத்தான் வழியில சொன்னான்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான் அஃப்ரித். சட்டை முழுக்கச் சிமென்ட் தூசி.

"மச்சான் போன்ல இருந்தத அழிச்சது நான்தான், அஃப்ரித்" என்றேன். "உங்கிட்ட நான் பொய் சொன்னேன்."

அவன் வேடிக்கை என்று நினைத்து அக்காவைப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை. சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னா சொன்னே?" என்றான்.

திரும்பச் சொன்னேன்.